ஜிம்னி வாங்கப் போறீங்களா? முதல்ல ‘ஃபோர் லோ’ கணக்கைப் போடுங்க!

சேற்றைக் கிழித்துக்கொண்டு மேடேறும் குட்டி ஜிம்னியை ரீல்ஸில் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? மாருதி சுசூகி இந்த 5 கதவு வண்டியை 2023 ஜூனில் 12.74 லட்ச ரூபாய் தொடக்க விலையில் (எக்ஸ்-ஷோரூம்) இறக்கியது. இங்கே விற்பனை சுமார்தான். ஆனால், இந்தியாவில் தயாராகும் இதே வண்டி 2025 தொடக்கத்தில் ஜப்பானில் அறிமுகமானபோது, நான்கே நாளில் சுமார் 50,000 ஆர்டர் குவிந்து முன்பதிவையே நிறுத்திவிட்டார்கள். வண்டி ஒன்றுதான், வாங்குபவரின் தேவைதான் வேறு.

வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்?

பாராட்டு: நீளம் 4 மீட்டருக்குள், எடை சுமார் 1,200 கிலோ, கிரவுண்ட் கிளியரன்ஸ் 210 மி.மீ. சதுரமான பானெட் என்பதால் வண்டியின் மூலை எங்கே இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். சந்துக்குள் திருப்புவதும் பார்க்கிங்கும் ஈஸி.

புலம்பல்: 4 பேருக்குத்தான் இடம். பின் சீட்டை மடக்காவிட்டால் டிக்கி வெறும் 208 லிட்டர். 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு மேனுவலில் 5 கியர், ஆட்டோமேட்டிக்கில் 4 கியர்தான். ஹைவேயில் வேகம் கூடினால் சத்தமும் கூடும். ஓவர்டேக் பண்ண கொஞ்சம் யோசிக்கணும்.

அந்த இன்னொரு லீவர் எதற்கு?

சாதாரணமாக ஜிம்னியில் பின் சக்கரங்கள் மட்டுமே வண்டியைத் தள்ளும். சேறு, மணல் வந்தால் ‘ஃபோர் ஹை’. செங்குத்தான மேடு, பாறை என்றால் ‘ஃபோர் லோ’. காய்ந்த தார் ரோட்டில் இவற்றைப் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்ற வேண்டும். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருப்பதால் கியர் அமைப்பு இறுகிவிடும். அதாவது, ஓஎம்ஆரில் தினமும் ஆபீஸ் போய்வரும் ஜிம்னி, பயன்படாத பாகங்களைச் சுமந்து ஓடும் ஒரு பின்சக்கர கார், அவ்வளவுதான்.

வரியும் இதில் சேரும். நீளம் 4 மீட்டருக்குள் இருந்தாலும் பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசியைத் தாண்டுவதால், சின்ன கார்களுக்கான 18% ஜிஎஸ்டி இதற்குக் கிடையாது, 40%.

‘மலைக்குப் போவோமே’ என்பீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தார் ரோடுதான், சாதாரண ஹேட்ச்பேக் போதும். கொழுக்குமலை மாதிரி கரடுமுரடான பாதைக்கு சூரியநெல்லியில் வாடகை ஜீப் இருக்கிறது. ‘சென்னை வெள்ளத்துக்கு உதவும்’ என்பதும் அரைகுறை உண்மை. காற்று உள்ளே போகும் வழியில் தண்ணீர் புகுந்தால், எத்தனை சக்கரம் சுழன்றாலும் இன்ஜின் படுத்துவிடும்.

அப்போ வாங்கவே கூடாதா?

எஸ்டேட், மண் பாதையில் தோட்டம், மாதாமாதம் ஆஃப்-ரோடு என்றால் தாராளமாக வாங்கலாம். இந்த விலைக்கு இவ்வளவு லேசான, உண்மையான 4-வீல் டிரைவ் கிடைப்பது அபூர்வம். மற்றவர்கள், கடந்த 12 மாதத்தில் தார் ரோட்டை விட்டு எத்தனை நாள் இறங்கினோம் என்று எண்ணிப் பாருங்கள். விடை ஒற்றை இலக்கம் என்றால், அந்த நாட்களுக்கு வாடகை ஜீப் போதும். பல வருஷ இஎம்ஐ தேவையில்லை.

இன்னும் மனசு கேட்கலையா? டெஸ்ட் டிரைவுக்கு அப்பா, அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து, ஊருக்குப் போகும் பெட்டிகளையும் ஏற்றி, ஹைவேயில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. அட்வான்ஸை அப்புறம் கட்டலாம்.