செல்ஃப் மோட்டாரைக் கழற்றுமுன் சற்றே நில்லுங்கள்!



வெளிநாட்டிலிருந்து வரும் மகனை அழைத்து வர, வைகறையில் திருவனந்தபுரம் விமான நிலையத்திற்குப் புறப்பட வேண்டும். அல்லது, நள்ளிரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையை ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கார் கிளம்ப மறுத்தால், வீட்டிலுள்ளோர் படும் தவிப்பைச் சொல்லத் தேவையில்லை. குடும்பத் தலைவர் வளைகுடாவில் பணிபுரிய, வாரக்கணக்கில் கார் அசையாது நிற்கும் வீடுகள் நம் குமரி மாவட்டத்தில் பல. அத்தகைய வீடுகளில் இத்தொல்லை அடிக்கடி தலைகாட்டும்.

"செல்ஃப் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்" என்று எவரேனும் சொல்ல, பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. மறுவாரமே வண்டி மீண்டும் நின்றுவிடுகிறது. காரணம், பழுது மோட்டாரில் இல்லை! பாட்டரியிலோ அதன் முனைகளிலோ இருந்திருக்கிறது. மோட்டாரைக் குற்றம் சாட்டுமுன் பத்து நிமிடம் சோதித்துப் பார்த்தால் பணமும் மிஞ்சும்; நெருக்கடியும் நேராது.

முற்காலத்தில் காரின் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே எஞ்சினை இயக்கினர். கைப்பிடி எதிர்த்து அடித்து மணிக்கட்டு முறிந்தவர் பலர். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1911-இல் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டு அந்த ஆபத்தை நீக்கியது. பெண்கள் தாமாகவே காரை இயக்கவும் அது வழி திறந்தது. நம் நாட்டில் 1961-இல் தொடங்கப்பெற்ற சென்னை லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் இம்மோட்டார்களைத் தயாரித்து வருகிறது.

இதன் இயக்கம் எளிது. சாவியைத் திருப்பியதும் மெல்லிய கம்பி வழியே வரும் மின்சாரம், மோட்டாரின் மேலிருக்கும் சொலினாய்டு என்னும் காந்தச் சுருளை இயக்கும். அது சிறு பற்சக்கரத்தை முன்தள்ளி எஞ்சினின் பெரிய பற்சக்கரத்துடன் கோத்துவிடும். அதே வேளையில் பருத்த கம்பியின் மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடும். சிறிய பெட்ரோல் காரிலும் அப்போது பாயும் மின்சாரம் நூறு ஆம்பியரைத் தாண்டும். இவ்வளவு மின்சாரம் பாயும் வழியில் சிறிதளவு துரு இருந்தாலும் போதும், மோட்டார் முடங்கிவிடும்.

இனி, ஓசையைக் கவனியுங்கள். 'டக டக டக' என்று விரைந்து அடித்தால், பாட்டரி வலுவிழந்திருக்கிறது, அல்லது முனைகள் தளர்ந்திருக்கின்றன. 'டக்' என்று ஒரே ஓசை வலுவாக வந்து, எஞ்சின் சுழலாவிட்டால், சொலினாய்டின் உட்தொடுப்போ மோட்டாரின் கார்பன் பிரஷோ தேய்ந்திருக்கலாம். மோட்டார் 'ஙொய்' என்று தனியே சுழன்று, எஞ்சின் அசையாதிருந்தால் பற்சக்கரக் கிளட்ச் பழுது. ஓசையே இல்லையெனில் சாவி சுவிட்சு, ரிலே, மெல்லிய கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்ட்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் மீதம். முதலில் சார்ஜ் செய்யுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பார்க்கட்டும். எஞ்சின் சுழலும்போது அளவு 9.6-க்குக் கீழே வீழ்ந்தால் பாட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பாட்டரி நலமெனில், அதன் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து மீண்டும் சாவியைத் திருப்புங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பி கெட்டிருக்கிறது. அதுவும் சரியெனில், மோட்டாரின் பருத்த கம்பி முனையில் 10 வோல்ட்டுக்குக் குறையாமல் வந்தும், 'டக்' ஓசை கேட்டும், மோட்டார் சுழலவில்லையா? இப்போதுதான் அது குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லலாம்.

நம் மாவட்டத்தில் இச்சோதனைக்குத் தனிச் சிறப்புண்டு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நமக்கு உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று ஆண்டு முழுவதும் வீசுகிறது. பாட்டரி முனைகளில் வெண்மையாகவும் பச்சையாகவும் படியும் பூப்பு பெருந்தொல்லை. நெகட்டிவ் முனையை முதலிலும் பாசிட்டிவ் முனையைப் பின்னரும் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் துலக்கி, உலர்த்தி, இறுக்கியபின் சிறிது வாசலின் தடவுங்கள். பாதி வண்டிகள் இத்துடனேயே சீராகிவிடும் என்றால் மிகையாகாது. 2021 நவம்பர்ப் பெருமழையில் மூழ்கியது போன்ற சாலைகளில் நீரில் சென்ற வண்டியெனில் மோட்டாரையும் ஐயுற வேண்டும்; பல கார்களில் அது எஞ்சினின் அடிப்பகுதியில் இருப்பதால் நீர் எளிதில் புகும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றானால், முறையாகச் செய்யுங்கள். சாவியைச் சட்டைப்பையில் வையுங்கள். சிறுவர்களை அருகில் விடாதீர்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். நெகட்டிவ் முனையை முதலில் கழற்றாமல் ஸ்பானரை எடுக்கவே கூடாது. வண்டியின் அடியில் செல்ல வேண்டுமெனில், ஜாக்கியை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளை வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். கம்பிகள் இருந்த நிலையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, மெல்லிய கம்பி, பருத்த கம்பி, பின்பு போல்ட்டுகள் என்ற வரிசையில் கழற்றுங்கள். மோட்டார் கனமானது, கம்பியில் தொங்கவிடாமல் கையில் தாங்குங்கள்.

புதியதையும் பழையதையும் அருகருகே வைத்துப் பற்களின் எண்ணிக்கையையும் போல்ட் துளைகளையும் ஒப்பிடுங்கள். மோட்டார் பொருந்தும் இடத்தைத் துருவின்றித் துலக்குங்கள். மின்சாரம் திரும்பும் வழியும் அதுவே. நெகட்டிவ் முனையை இறுதியில் மாட்டுங்கள். ஒரு முறை சாவியைத் திருப்பினால் பத்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள். ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் முயலுங்கள். பழைய மோட்டாரை எறிந்துவிடாதீர்கள். அதன் பிரஷ், புஷ் ஆகியவற்றை மாற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியன் சீர்செய்து தரக்கூடும். அதற்கு ஆகும் செலவு புதியதைவிடக் குறைவு.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்குரூடிரைவரால் சொலினாய்டு முனைகளை இணைத்துக் கிளப்பும் 'கைவேலை'யைச் செய்யாதீர்கள். வண்டி கியரில் இருந்தால் முன்னால் நிற்பவரையே இடித்துவிடும். தானியங்கிக் கியர் வண்டியையும், சாவியில்லாப் பொத்தான் வண்டியையும், வாரண்டி உள்ள வண்டியையும் தேர்ந்த பணிமனையிடமே ஒப்படையுங்கள்.

நேயர்களே, வண்டி வீட்டில் நின்றாலும் வாரம் ஒருமுறையேனும் கிளப்பிச் சற்று ஓட்டி வாருங்கள். வண்டி ஓட்டும் பெண்மணிகளுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த ஓசைகளையும் மீட்டர் பார்க்கும் முறையையும் இன்றே சொல்லிக் கொடுங்கள். பழுது எதுவென்று அறிந்தவர் வீட்டில் ஒருவரேனும் இருந்தால், பணிமனையில் ஏமாற மாட்டோம். அவசரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கவும் மாட்டோம்.