மலை நகரம் மொழி கற்றுத் தராது

ஒரு மொழியைக் கற்க அது பேசப்படும் நாட்டுக்கே போக வேண்டும், போய்விட்டால் மொழி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் ஆழமாக இருக்கிறது. சென்னையை அடுத்த பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் என்ற 21 மாடி தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. ஆங்கிலத்துக்கு மேல் இன்னொரு மொழி தெரிந்தால் வேலைக்கு உதவும் என்ற பேச்சு அந்தப் பக்கத்து வீடுகளில் எழுவது இயல்பு. ஸ்பானிஷ் என்றால் உடனே வரும் யோசனை வெளிநாடு: பெருவின் குஸ்கோ, குவாத்தமாலாவின் ஆன்டிகுவா, ஸ்பெயினின் கிரானடா. பழைய கோயில்களும் கல் பாவிய தெருக்களும் மலைகளும் சூழ்ந்த ஊரில் ஒரு மாதம், உள்ளூர்க் குடும்பத்துடன் தங்கிப் படிப்பு. பயணமாகப் பார்த்தால் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொழி கற்கும் முதல் படியாகப் பார்த்தால் இது தவறான செலவு. இந்த நம்பிக்கையால் வசதியில்லாத மாணவர் தொடங்காமலேயே நின்றுவிடுகிறார். வசதியுள்ளவர் தவறான நேரத்தில் பணத்தைக் கொட்டுகிறார்.

முதலில் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு ஸ்பானிஷ் கற்பிக்க வைத்திருக்கும் மதிப்பீடு ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி நேரம். அதுவும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு. அந்தப் பயிற்சி நடக்கும் இடம் மாட்ரிடும் இல்லை, லீமாவும் இல்லை. வாஷிங்டனை ஒட்டிய ஆர்லிங்டன். எந்த நாட்டுக்கும் ஆளை அனுப்பக்கூடிய அரசே, முதலில் உள்ளூரில் உட்காரவைத்துக் கற்பித்துவிட்டுத்தான் அனுப்புகிறது. குஸ்கோவில் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று நான்கு வாரம் படித்தால் கிடைப்பது 80 மணி நேரம். எண்கள், வணக்கங்கள், கடையில் விலை கேட்பது, நிகழ்கால வினைகள் ஆகியவற்றோடு அது தீர்ந்துவிடும். கடல் கடந்து போய் அந்த ஊரின் விலைமதிப்புள்ள மணி நேரங்களை எங்கும் கற்கக்கூடிய பாடத்துக்குச் செலவிடுவது வீண். பட்டாபிராமிலேயே நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் படித்தால் ஓராண்டுக்குள் 600ஐத் தாண்டிவிடலாம். சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போய்வரும் மாணவருக்கு அதில் ஒரு பகுதி கேட்பதற்கே கிடைக்கும்.

சூழல் தானாக மொழியைக் கொடுக்கும் என்பதற்கு எதிரான சான்று தமிழர் வீடுகளிலேயே இருக்கிறது. வளைகுடா நாடுகளில் பத்து, இருபது ஆண்டுகள் உழைத்துத் திரும்பிய எத்தனையோ பேருக்கு அரபு பேச வராது; இந்தியும் மலையாளமும் நன்றாக வரும். காரணம் எளிது. வேலையிடத்தில் மேற்பார்வையாளரோடும், அறையில் கூட இருப்பவர்களோடும் அவர்கள் பேச வேண்டியிருந்த மொழிகள் அவைதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் இதைப் பார்க்கலாம். டீக்கடையிலும் ஓட்டலிலும் நிற்கும் வடமாநிலத்து இளைஞர் சில மாதங்களில் தமிழில் கணக்குச் சொல்லுவார். பட்டறைக்குள் தன் ஊர்க்காரர்களோடு மட்டும் வேலை செய்பவருக்கு ஆண்டுகள் போனாலும் நாலைந்து சொற்களே மிஞ்சும். இருவரும் சுவாசிப்பது ஒரே ஊர்க் காற்றை. பேச வேண்டிய தேவையும், தவறைத் திருத்தும் ஆளும்தான் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

நானூறு ஆண்டுகளுக்கும் முன்பே தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக் கடற்கரை இதற்கு விடை தந்துவிட்டது. 1542இல் வந்த கிறித்தவ மறைபரப்பாளர் பிரான்சிஸ் சேவியர் அந்தக் கடற்கரை மக்களிடையே ஊர் ஊராக நடந்தார், அவர்களோடு வாழ்ந்தார். ஆனாலும் தமிழ் அவருக்குக் கைவரவில்லை. மொழிபெயர்ப்பாளர் துணையோடு, மனப்பாடம் செய்த மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தார். அவரது அர்ப்பணிப்பில் யாரும் குறை காண முடியாது. அவருக்குப் பின் அதே கரைக்கு வந்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகள் வினை வடிவங்களையும் வேற்றுமைகளையும் முறையாகத் தொகுத்து, தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் இலக்கணமே எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூல் அவர் கையிலிருந்து வந்தது. ஒரே கடற்கரை, ஒரே மக்கள். உட்கார்ந்து இலக்கணம் படித்தவருக்குத்தான் மொழி வந்தது. ஜி.யு. போப்பும் 1839இல் சென்னையில் இறங்குவதற்கு முன்பே தமிழ் படிக்கத் தொடங்கியிருந்தார்.

இன்றைய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் ஒருவரை ரிச்சர்ட் ஷ்மிட் மூன்றாண்டு கவனித்து 1983இல் கட்டுரை வெளியிட்டார். அந்த ஓவியர் ஆங்கிலம் பேசுவோர் நடுவே வாழ்ந்தார், தயங்காமல் பேசிப் பழகினார். கருத்தைச் சொல்லும் திறமை வளர்ந்தது. இலக்கணம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே நின்றது. ரஷ்ய மொழி படிக்கச் சென்ற 650க்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1995இல் நூலில் வந்தது. புறப்படுமுன் இலக்கணத்திலும் வாசிப்பிலும் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தவர்களே அங்கே பேச்சில் கூடுதலாக முன்னேறினார்கள் என்று அது காட்டியது. அடித்தளம் இருந்தவருக்குத்தான் பயணம் பலன் கொடுத்திருக்கிறது.

மலை நகரப் பள்ளியில் உண்மையில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும். ஆன்டிகுவாவின் புகழுக்குக் காரணம் அதன் எரிமலைகள் இல்லை. ஒரு மாணவருக்கு ஒரு ஆசிரியர் என்று நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து கற்பிக்கும் முறை. முசோரிக்கு மேலே லாண்டூரில் வெளிநாட்டவருக்கு இந்தி கற்பிக்கும் பழைய பள்ளியிலும் தனி வகுப்புகளே உயிர்நாடி. அந்த முறைக்கு மலை தேவையில்லை. இன்று அது திரை வழியாகவும் கிடைக்கிறது.

வகுப்பு முடிந்த பின்போ, கூடப் படிப்பவர்கள் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும். இடைவேளையில் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. குஸ்கோ சுற்றுலாவால் வாழும் ஊர். திணறும் வெளிநாட்டவரைக் கண்டால் கடைக்காரரும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் பலருக்குத் தாய்மொழி கெச்சுவா என்பதையும் மறக்கக் கூடாது. தங்கும் வீட்டில் இரவுச் சாப்பாட்டு மேசையில் வீட்டம்மா இன்னும் கொஞ்சம் சூப் வேண்டுமா என்று கேட்கிறார். கையில் அகப்பை, எதிரே பானை. கேள்வியின் ஒரு சொல்லும் புரியாதவர்கூடத் தலையாட்டிவிடலாம். சூப் கிடைத்துவிடும், வினைச்சொல் கிடைக்காது. கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரத்தில், தலைவலியோடும் மூச்சிரைப்போடும் கழியும் முதல் சில நாட்களையும் இந்த ஒரு மாதத்தில் கழித்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் தெரிந்த ஆசிரியரிடம் தொடங்குவதில் பெரிய ஆதாயம் ஒன்று உண்டு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஸ்பானிஷில் ‘ஆப்லோ’ என்றாலே பேசுகிறேன், ‘ஆப்லாமோஸ்’ என்றாலே பேசுகிறோம். தமிழைப் போல வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடுவதால் நான், நாம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. காபி பிடிக்கும் என்பதற்கு அவர்கள் சொல்வது ‘மே குஸ்தா எல் கஃபே’. எனக்குக் காபி பிடிக்கும் என்பதன் அதே அமைப்பு: எனக்கு என்பது நான்காம் வேற்றுமையில் நிற்கிறது, பிடிப்பது காபி. ஆங்கிலம் வழியாகக் கற்பவர் இந்த இடத்தில் நெடுநாள் தடுமாறுவார். தமிழாசிரியர் ஒரே வரியில் விளக்கிவிடுவார். நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் அங்கே உண்டு. குஸ்கோவின் ஆசிரியர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் மாணவரின் தமிழ் அவருக்குத் தெரியாது. மேசை பெண்பால் என்பது, ‘இரு’ என்பதற்கு இரண்டு வினைகள், விருப்பத்தையும் ஐயத்தையும் சொல்ல வேறொரு வினை வடிவம் ஆகியவற்றில் தமிழ் கைகொடுக்காது. அங்கே எழுதி எழுதிப் பழகுவதைத் தவிர வழியில்லை. அந்தப் பழக்கத்துக்கு ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

வெளிநாட்டுக்குப் போகவே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. வேகமான பேச்சைப் புரிந்துகொள்வது, கேலியையும் கோபத்தையும் தொனியில் இனங்காண்பது, தொலைபேசியில் பதற்றமின்றிப் பேசுவது ஆகியவை அந்த ஊரில்தான் நன்றாக வரும். ஐரோப்பிய மொழித் தர அளவையில் பி1 என்ற இடைநிலையைத் தொட்டவருக்கு அவை வரும்; முதல் நாள் எழுத்துக்கூட்டுபவருக்கு வராது. ஜெர்மனியில் செவிலியர் பணிக்குச் செல்வோர் இங்கேயே அந்த அளவையில் தேர்ச்சி பெற்றுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ஸ்பானிஷுக்கும் அந்த வரிசையே பொருந்தும். தில்லியில் 2009 முதல் இயங்கும் செர்வாண்டெஸ் நிறுவனம் வகுப்புகள் நடத்துகிறது. அந்த நிறுவனத்தின் டெலே என்ற ஸ்பானிஷ் தேர்ச்சிச் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. அதைப் பெற வெளிநாட்டில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானிஷ் பட்டப்படிப்பு உண்டு.

பி1 முடித்தபின் போகிறவர் சுற்றுலாக் கூட்டம் குறைந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வேறு மாணவர் யாரும் தங்காத வீடாக, பேச நேரமுள்ள முதியவர் இருக்கும் வீடாகக் கேட்டு வாங்க வேண்டும். காலையில் தனி ஆசிரியரிடம் முந்தைய நாளின் தவறுகளைத் திருத்திக்கொண்டு, மாலையில் ஒரு விளையாட்டுக் குழுவிலோ தேவாலயப் பாடகர் குழுவிலோ சமையல் வகுப்பிலோ சேர்ந்துவிட்டால், பேசாமல் தப்பிக்க வழியிருக்காது.