பின்னூட்டம் போனது, பொறுப்பு போகவில்லை

அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர், 2016 ஆகஸ்டில் தன் இணையதளத்தில் வாசகர் பின்னூட்டங்களை நிறுத்தியது. அப்போது அது வெளியிட்ட கணக்கைப் பார்த்தால் யாரும் ஒரு கணம் திகைப்பார்கள். அந்த ஜூலையில் தளத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய 3.3 கோடிப் பேர். குவிந்த பின்னூட்டங்கள் 4,91,000. அத்தனையையும் எழுதியவர்கள் 19,400 பேர்தான்! பத்தாயிரம் பேர் வந்து போனால் அதில் ஆறு பேர் எழுதினார்கள். அந்த ஆறு பேரும் ஆளுக்குச் சராசரியாக 25 முறை எழுதினார்கள். இனிமேல் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லி நிர்வாகம் கதவைச் சாத்தியது.

இதில் என்பிஆர் முன்னோடி அல்ல. 'பாப்புலர் சயின்ஸ்' 2013-லும் ராய்ட்டர்ஸ் 2014-லும் இதையே செய்துவிட்டன. அலுத்துப்போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 'கார்டியன்' 2016-ல் தன்னிடம் சேர்ந்திருந்த 7 கோடிப் பின்னூட்டங்களை அலசியது. மிக அதிகமாக ஏச்சு வாங்கிய பத்து எழுத்தாளர்களில் எட்டுப் பேர் பெண்கள். மற்ற இருவர் கறுப்பின ஆண்கள். கட்டுரையில் என்ன இருக்கிறது என்பதைவிட யார் எழுதியது என்பதே வசவாளர்களுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது.

நோய் உண்மைதான். மருந்தில்தான் கோளாறு.

சொந்தப் பெயரோடும் படத்தோடும் எழுதச் சொன்னால் ஆட்கள் அடங்கிப் பேசுவார்கள் என்பது அன்றைய நம்பிக்கை. 'டெக்கிரஞ்ச்' 2011-ல் ஃபேஸ்புக்கின் பின்னூட்டப் பெட்டியைத் தன் தளத்தில் பொருத்தியது. வம்பர்கள் குறைந்தார்கள், உருப்படியாகப் பேசியவர்களும் கூடவே காணாமல் போனார்கள். 2013 ஜனவரியில் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, போனவர்களைத் திரும்பி வரும்படி அழைத்தது. சொந்தப் பெயரில் கூசாமல் வசைபாடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதை ஃபேஸ்புக் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய அடி ஆஸ்திரேலியாவில் விழுந்தது. அங்கே வடக்குப் பிரதேசத்தில், சிறார் காவலில் இருந்த டிலன் வோலர் என்ற இளைஞர் தலையில் உறை மாட்டப்பட்டு, நாற்காலியோடு பிணைக்கப்பட்டிருந்த காட்சியை 2016-ல் ஏபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பியது. நாடே அதிர்ந்தது. அவரைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகள் தங்கள் ஃபேஸ்புக் பக்கங்களில் பகிர்ந்தன. கீழே பொதுமக்கள் எழுதியவற்றில் சில தனக்கு அவதூறு என்று வோலர் வழக்குப் போட்டார். எழுதியவர்கள் மீதல்ல, ஊடக நிறுவனங்கள் மீது.

அந்தப் பின்னூட்டங்களை நாங்கள் எழுதவில்லை, எழுதப்போவதும் எங்களுக்குத் தெரியாது என்றன நிறுவனங்கள். உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பர் 8 அன்று 5-க்கு 2 என்ற கணக்கில் அதை நிராகரித்தது. பக்கத்தைத் திறந்து, கருத்துச் சொல்ல வழியும் செய்து கொடுத்தவர்கள் அந்தக் கருத்துகளின் வெளியீட்டாளர்களே என்பது தீர்ப்பு. அந்த மாதமே சிஎன்என், தன் ஃபேஸ்புக் பக்கத்தை ஆஸ்திரேலியர்கள் பார்க்க முடியாதபடி மூடிவிட்டது.

வழக்குக்குக் காரணமான பதிவுகள் வெளியான காலத்தில், ஒரு பதிவுக்கு மட்டும் பின்னூட்டத்தை நிறுத்திவைக்கும் வசதியே இந்தப் பக்கங்களுக்கு இல்லை. மிகச் சாதாரணமான ஆங்கிலச் சொற்களைத் தடைப் பட்டியலில் சேர்த்து எல்லாவற்றையும் மறைத்திருக்கலாமே என்று கீழமை நீதிமன்றத்தில் வாதிக்கப்பட்டது, நீதிபதியும் ஏற்றார். நிறுத்தும் வசதியை ஃபேஸ்புக் கொடுத்தது 2021 மார்ச்சில்தான். ஆக, சாவி ஃபேஸ்புக்கிடம், வழக்கு பத்திரிகை மீது. சொந்தத் தளத்திலாவது எதை விடுவது, எதை நீக்குவது என்பது ஆசிரியர் கையில் இருந்தது. அதையும் கொடுத்துவிட்டு, பொறுப்பை மட்டும் இவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

கனடாவில் 2023 ஆகஸ்டு முதல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா செய்திகளையே முடக்கியிருக்கிறது. அங்கே ஃபேஸ்புக்கை நம்பிய பத்திரிகைகளுக்கு வாசகரோடு பேச அந்த இடமும் இல்லாமல் போயிற்று.

வேறு வழி இல்லாமலும் இல்லை. நார்வே பொது ஒலிபரப்பின் தொழில்நுட்பத் தளமான என்ஆர்கேபீட்டா, கட்டுரையிலிருந்தே மூன்று கேள்விகள் கேட்டு, சரியாகப் பதில் சொன்னவர்களை மட்டும் பின்னூட்டம் எழுத அனுமதிக்கும் முறையை 2017-ல் சோதித்துப் பார்த்தது. படிக்காமலே பாய்கிறவர்களை இது வாசலிலேயே நிறுத்திவிடும். வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படிக்க ஓர் உதவி ஆசிரியரை உட்காரவைத்த பத்திரிகைகள், திரையில் வரும் கடிதங்களுக்கும் ஒருவரை நியமிக்கட்டும். அதற்கான சம்பளம் அவதூறு வழக்கின் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.