அயல்நாட்டில் வலியை எந்த மொழியில் சொல்வது?

பணி ஓய்வுக்குப் பின் பிள்ளைகளோடு வாழ ஆஸ்திரேலியாவுக்கோ கனடாவுக்கோ குடிபெயரவிருக்கும் பெரியவர்கள், பயணத்துக்குமுன் முழு உடல் பரிசோதனைக்காக நம் மருத்துவமனைக்கு வருகிறார்கள். இதயம், சர்க்கரை, பல், கண்புரை என எல்லாவற்றையும் கேட்டறிகிறார்கள். மொழியைப் பற்றிக் கேட்பவர் அரிது. "ஆங்கிலந்தானே, சமாளித்துக்கொள்ளலாம்" என்பதே பெரும்பாலோர் எண்ணம்.

அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் அலுவலகக் கோப்புகளை ஆங்கிலத்திலேயே எழுதிய ஒருவர், மெல்போர்னில் மகன் வீட்டில் குடியேறி, உறவினர் திருமணத்துக்காக ஊருக்கு வந்தபோது என்னைப் பார்க்க வந்தார். அவர் காலில் இருந்தது குடைச்சல். அங்குள்ள மருத்துவரிடம் 'பெயின்' என்ற ஒரு சொல்லுக்கு மேல் அவரால் சொல்ல இயலவில்லை. குத்தல், கடுப்பு, எரிச்சல், குடைச்சல், மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல் ஆகிய ஒவ்வொன்றும் மருத்துவருக்கு வெவ்வேறு திசையைக் காட்டும் குறிப்பாகும். சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர் எரிச்சல், மதமதப்பு என்பார். ரத்த ஓட்டம் குறைந்தவரோ, நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்பார். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. அலுவலக ஆங்கிலத்தில் இச்சொற்களுக்கு வேலையே இருந்ததில்லை.

மகனோ மகளோ உடன் வந்து மொழிபெயர்த்தால் போதாதா என்று கேட்கலாம். எனக்குக் கவலை மிகுவதே இங்குதான். பெற்றவர் ஐந்து நிமிடம் சொன்னதைப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவதுண்டு. மருத்துவர் சொன்ன கெட்ட செய்தியில் பாதியை, அன்பினாலேயே, மறைத்துவிடுவதுமுண்டு. சிறுநீர் தன்னையறியாமல் கசிவதையும் கருப்பை இறங்கியிருப்பதையும் ஒரு தாய் மகனை நடுவில் வைத்துக்கொண்டு சொல்லமாட்டார். சொல்லாமலே ஆண்டுகளைக் கழிப்பார். பள்ளியில் படிக்கும் பேரனை அந்த இடத்தில் நிறுத்துவது அதனினும் கொடுமை. நார்வேயில் 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், நெருக்கடி போன்ற சில சூழல்கள் தவிர, அரசு அமைப்புகள் குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைத் தடை செய்கிறது. அச்சட்டத்தை இயற்றியவர்கள் நோயாளியை மட்டுமன்றி அந்தக் குழந்தையையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 131 450 என்ற எண்ணில் இரவும் பகலும் இயங்குகிறது. மருத்துவரே அதை அழைத்துத் தமிழ் பேசுபவரை இணைப்பில் சேர்க்க இயலும். அவசர உதவிக்கு 000-ஐ அழைப்பவரும் தமிழில் பேச உதவி கேட்கலாம். ஆயினும் பலர் கேட்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது தம் படிப்புக்கு இழுக்கு என நினைக்கிறார்கள். அதிகம் படித்தவர்களிடமே இத்தயக்கத்தை அதிகம் காண்கிறேன்.

எண்களும் ஒரு மொழிதான். இங்கே சர்க்கரை 180 என்று கேட்டுப் பழகியவர், அங்கே 10 என்று கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. மாறியது அளவை முறையேயன்றிச் சர்க்கரையன்று; அந்த எண்ணை 18-ஆல் பெருக்கினால் நம் கணக்கு கிடைக்கும். மாத்திரைகளிலும் வணிகப் பெயரை விட்டு மருந்தின் பெயரை அறிந்துகொள்ளுங்கள். இங்குள்ள குரோசின், டோலோ, அங்குள்ள பனடால் ஆகிய மூன்றும் பாராசிட்டமாலே. வேறு வேறு மருந்து என்று எண்ணிச் சேர்த்து விழுங்கி, அளவு மீறினால் கல்லீரல் கெடும்.

அந்தப் பெரியவர் அடுத்த மாதம் மெல்போர்ன் திரும்புகிறார். சென்ற வாரம் தம் வலிகளையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதிவந்தார். ஒவ்வொன்றின் அருகிலும் ஆங்கிலத்தில் எழுதித் தந்தேன். குடைச்சலுக்கு நேரான ஒரு சொல் எனக்கும் அகப்படவில்லை. மூன்று வரி எழுத வேண்டியிருந்தது.