கிளேர்மான்ட் தோட்டத்தில் ஒரு பகல்

பள்ளிக்கூட வாத்தியாருக்கு வருஷத்துக்கு ஒரு கோடை விடுமுறை உண்டு. அதை எப்படிக் கழிப்பது என்பதைப் பற்றி வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும், வாத்தியாரைத் தவிர. இவ்வருஷம் லண்டனில் குடியிருக்கும் என் தங்கை, எங்களுடைய அபிப்பிராயத்தைக் கேட்காமலே விமான டிக்கெட்டை வாங்கி அனுப்பிவிட்டாள். ஆகவே நானும் என் மனைவியும் போய்ச் சேர்ந்தோம்.

ஊர்க்கதை எழுதி வந்த இந்தப் பக்கத்தில் திடீரென்று சீமைக்கதை தலைகாட்டுகிறதே என்று நேயர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பார்த்து வந்த இடம் இங்கிலாந்தில் ஸர்ரே ஜில்லாவைச் சேர்ந்த ஈஷர் என்னும் ஊரில் இருந்தபோதிலும், ஆற்காட்டுக்கு மிகவும் சமீபத்தில் இருப்பது. எப்படி என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை, "இன்றைக்கு வெயில் அடிக்கிறது, எங்கேயாவது தோட்டத்துக்குப் போகலாம்" என்றார். அந்த நாட்டில் வெயில் அடிப்பது நம் நாட்டில் மழை பெய்வது போல. ஜனங்கள் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்க்கிறார்கள். என் மனைவி புளியோதரை கிளறினாள். தங்கை தயிர்சாதம் கட்டினாள். பத்து வயது மருமகள் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். லண்டனிலிருந்து தென்மேற்கே காரில் புறப்பட்டு, பத்தரை மணிக்கெல்லாம் கிளேர்மான்ட் தோட்டத்து வாயிலில் இறங்கிவிட்டோம்.

சீமைத் தோட்டம் என்றவுடன் பாத்தி கட்டி ரோஜாப் பூ வைத்திருப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அது பிசகு. பழைய பிரபுக்களின் தோட்டக் கலையில் பூவுக்கு இரண்டாம் இடந்தான். புல், மரம், தண்ணீர், மேடு, பள்ளம் இவற்றை வைத்துக்கொண்டு சித்திரம் எழுதுவது போல் ஒரு காட்சியை அமைக்கிறார்கள். அமைத்த கை வெளியே தெரியக்கூடாது. எல்லாம் தானாகவே அப்படி இருப்பது போல் தோன்ற வேண்டும். கிளேர்மான்டில் உள்ள ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் சார்லஸ் பிரிட்ஜ்மன் என்பவர் அதை வட்டமான குளமாக அமைத்தார். பிறகு 1730-க்கு மேல் வில்லியம் கென்ட் என்பவர் வந்து, வட்டத்தைக் கலைத்துக் கரையை வளைத்து நெளித்து, நடுவில் ஒரு தீவை வைத்து, அதில் ஒரு சிறு மண்டபமும் கட்டினார். திருமலை நாயக்கர் மதுரையில் தெப்பக்குளம் வெட்டியபோது நான்கு பக்கமும் நூல் பிடித்தாற்போல் கல்பாவி, மத்தியில் மைய மண்டபத்தை நிறுத்தினார். மனிதன் செய்தது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது நம்மவர் கொள்கை. தெரியவே கூடாது என்பது அவர்கள் கொள்கை. நீர் நடுவே மண்டபம் வேண்டும் என்பதில் மட்டும் இரு சாராருக்கும் பேதமில்லை.

ஏரிக்கு மேலே இருக்கும் புல் அரங்கம் விசேஷமானது. குன்றின் சரிவைப் படிப்படியாக வெட்டி, அரைவட்டம் அரைவட்டமாகப் புல் வளர்த்திருக்கிறார்கள். பரப்பு சுமார் மூன்று ஏக்கர். ரோமாபுரிக் கூத்து மேடை போல் இருக்கிறதே, இங்கே என்ன நாடகம் நடந்தது என்று விசாரித்தால், நாடகம் பார்ப்பதற்காக அது ஏற்பட்டதே அல்ல. மேலே நின்றால் ஏரி அழகாகத் தெரியும், ஏரிக்கரையில் நின்றால் படிகள் அழகாகத் தெரியும், அவ்வளவுதான்! இத்தனைக்கும் இந்த இடத்தில் முதன்முதலில் வீடு கட்டிக்கொண்ட ஸர் ஜான் வான்புரோ நாடகாசிரியர். சிற்ப சாஸ்திரமும் கைவந்தவர். அவரிடமிருந்து 1714-ல் இதை வாங்கியவர் கிளேர் பிரபு. அவர் பெயரால்தான் கிளேர்மான்ட். இவரே பின்னால் நியூகாஸில் கோமகனாகி, இரண்டு தடவை பிரதம மந்திரி உத்தியோகமும் பார்த்தார். அரங்கமோ பிற்காலத்தில் மரமும் புதரும் மண்டி மறைந்தே போயிற்று. 1949 முதல் தோட்டத்தை வைத்துப் பரிபாலிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற ஸ்தாபனத்தார், 1975-ல் தொடங்கிய ஜீர்ணோத்தாரணத்தில் புதரை வெட்டி அதை மறுபடியும் வெளிக்கொணர்ந்தார்கள்.

அந்தப் படிகளில் ஒன்றில் ஜமக்காளத்தை விரித்து உட்கார்ந்தோம். கீழே வாத்துக்கள் நீந்தின. எங்களைச் சுற்றிலும் ஐந்தாறு குடும்பங்கள். மருமகள் மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு உருண்டு விளையாடினாள். வேறு மூன்று குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. ஏறக்குறைய முந்நூறு வருஷத்துப் புல்லின்மேல் உருளுகிறோம் என்ற மரியாதை ஒருவருக்கும் இல்லை. என் மனைவி புளியோதரையைத் திறந்தாள். "அண்ணா, உனக்குப் பிடித்திருக்கிறதா?" என்று தங்கை கேட்டாள்.

"பிடித்திருக்கிறது. அதுதான் சங்கடம்" என்றேன்.

சங்கடம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. வாயிலுக்கு அருகே பலகையில் எழுதியிருந்ததை நான் மட்டுமே நின்று படித்தேன். நியூகாஸில் கோமகன் இறந்த பிறகு, 1769-ல், இந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கியவர் ராபர்ட் கிளைவ். ஆம், நம்முடைய கிளைவ்தான்! பதினெட்டு வயதில் சென்னைப் பட்டணத்துக்குக் கம்பெனிக் குமாஸ்தாவாக வந்தவர். 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றவர். 1753-ல் சென்னைக் கோட்டை மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர். 1757-ல் பிளாசியில் வங்காளத்தைச் சுருட்டியவர்.

கணக்கு வாத்தியாராக இல்லாவிட்டாலும் சில கணக்குகள் எனக்கும் வரும். பிளாசிக்குப் பிறகு மீர் ஜாபரிடமிருந்து கிளைவ் பெற்ற ரொக்கம் 2,34,000 பவுன். அதற்குமேல் கல்கத்தாவைச் சுற்றியுள்ள இருபத்துநான்கு பர்கானா நிலங்களின் மேல் ஜாகீர். அதில் வருஷ வருமானம் சுமார் 27,000 பவுன். கிளேர்மான்டுக்கு அவர் கொடுத்த விலை 25,000 பவுன். அதாவது, வங்காளத்துக் குடியானவனின் ஒரு வருஷத்து வாரத்தில் ஏரி, தீவு, அரங்கம், குன்று, மாளிகை எல்லாவற்றையும் வாங்கிவிட்டு, வண்டிச் சத்தத்துக்கும் மிச்சம் இருந்திருக்கும்.

வாங்கியவர் சும்மா இருக்கவில்லை. வான்புரோவின் வீடு பள்ளத்தில் ஈரமாக இருக்கிறது என்று அதை இடித்துத் தள்ளிவிட்டு, மேட்டின் மேல் புது மாளிகை எழுப்ப ஏற்பாடு செய்தார். தோட்டக் கலையில் பெயர்பெற்ற லான்ஸலட் பிரவுனும், அவருடைய கூட்டாளி ஹென்றி ஹாலந்தும் வேலையை ஏற்றுக்கொண்டார்கள். இங்கே கடைக்கால் தோண்டிய காலத்தில்தான், 1770-ல், அங்கே வங்காளத்தில் பஞ்சம் வந்தது. மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் மாண்டார்கள் என்பது வாரன் ஹேஸ்டிங்ஸின் மதிப்பு. அந்த வருஷத்திலும் வரி வசூல் நிற்கவில்லை.

மாளிகை எழும்பியது. ஆனால் அதில் வாழ்ந்து அனுபவிக்கக் கிளைவுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1774 நவம்பரில் லண்டன் வீட்டில் அவர் உயிர் போயிற்று. தம் கையாலேயே போக்கிக்கொண்டார் என்பதுதான் பெரும்பாலோர் கொள்கை. வயது நாற்பத்தொன்பது; என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஸர்ரே ஜில்லாக் குடியானவர்கள் அந்த மாளிகையைக் கண்டு பயந்தார்களாம். பிசாசு வந்து தூக்கிப் போகாமல் இருக்கவே சுவர்களை அவ்வளவு கனமாக எழுப்பச் சொன்னார் பிரபு என்று இரகசியமாகப் பேசிக்கொண்டார்களாம். இதை எழுதி வைத்தவர் மெக்காலே. நம் ஊரில் புளியமரத்துக்குச் சொல்கிற கதையைத்தான் அவர்கள் மாளிகைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

பின்னால் நடந்த கதைகளும் உண்டு. சார்லட் இளவரசி இங்கே குடித்தனம் வைத்து, 1817-ல் பிரசவத்தில் இறந்தாள். அதனால் பட்டம் வேறு கிளைக்குப் போய்க் கடைசியில் விக்டோரியாவை அடைந்தது. பிரான்ஸிலிருந்து ஓடிவந்த லூயி பிலிப் மன்னர் 1850-ல் இங்கேதான் காலமானார். மாளிகை இப்போது ஒரு பள்ளிக்கூடம். தோட்டம் வேறு, பள்ளிக்கூடம் வேறாகப் பிரித்திருக்கிறார்கள். பிளாசிப் பணம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் வாத்தியார்கள் வசம் வந்து சேர்ந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் திருப்திதான்.

மருமகள் உருண்டு களைத்து வந்து உட்கார்ந்தாள். "மாமா, ஆற்காட்டில் உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கிளைவ் சண்டை போட்ட இடம் இருக்கிறது என்றீர்களே, அது எப்படி இருக்கும்?" என்றாள்.

பாலாற்றங்கரையில் டில்லி வாயில் என்று ஒரு வாயில் மிஞ்சி நிற்கிறது என்று சொன்னேன். கோட்டை போய்விட்டது, வாயில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போவேன். போனால் தவறாமல் ஒரு கதையும் சொல்வேன். முற்றுகையில் அரிசி குறைந்துபோன சமயம், நம் சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, "சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுங்கள், எங்களுக்கு வடித்த கஞ்சி போதும்" என்றார்கள் என்பது கதை. நிஜமா என்று சந்தேகிக்கும் சரித்திராசிரியர்கள் உண்டு. ஆனால் கோட்டைக்குள் புகுந்த படையில் பாதிக்கு மேல், சுமார் முந்நூறு பேர், நம்மவர் என்பதில் சந்தேகமில்லை. அந்தக் கஞ்சிக் கதையை எத்தனை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! பிள்ளைகளும் வாயைப் பிளந்து கேட்பார்கள். யாருக்காகக் கஞ்சி குடித்தார்கள் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் இருபது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

கதை முழுவதையும் கேட்டுவிட்டு அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். "கஞ்சி குடித்தவர்களின் பெயர் இங்கே எங்கேயாவது எழுதியிருக்கிறதா?"

"நான் பார்த்தவரையில் இல்லை."

"உங்கள் டில்லி வாயிலில்?"

"அங்கேயும் நான் பார்த்ததில்லை. கிளைவ் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறோம்."

"அப்படியானால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள்?"

என் மனைவி குறுக்கிட்டு, "முதலில் சாப்பிடட்டும், அப்புறம் சொல்லட்டும்" என்று தட்டை என் கையில் கொடுத்தாள். சாப்பிட்டேன். ஏரியில் வெயில் பட்டு மின்னியது. மாப்பிள்ளை, தோட்டத்துக்கும் மேய்ச்சல் நிலத்துக்கும் நடுவே வெட்டிய மறைபள்ளத்தைக் காட்டுவதற்கு அழைத்துப் போனார். ஆங்கிலேயர் அதற்கு 'ஹா-ஹா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் செங்குத்தான சுவர், மறு பக்கம் சரிவு. மாடு ஏறி வர முடியாது. ஆனால் மாளிகைப் பக்கமிருந்து பார்ப்பவருக்குப் பள்ளம் தெரியாது. புல்வெளி தங்குதடையின்றித் தொடுவானம் வரையில் தமக்கே சொந்தம் போல் தெரியும். கிட்டே போய் விளிம்பில் நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

நாலு மணிக்கு மேகம் திரண்டது. ஜமக்காளத்தை உதறி மடித்தோம். மருமகள் கடைசியாக ஒரு தடவை உருண்டுவிட்டு, பாவாடையெல்லாம் புல்லாக ஓடி வந்தாள்.

பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. டில்லி வாயிலுக்கு இந்த வருஷமும் போவோம். கையோடு கிளேர்மான்டின் படம் ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். ஏரியும் தீவும் அரங்கமும் அதில் நன்றாக விழுந்திருக்கின்றன. அதை வாயிலின் நிழலில் வைத்து, 27,000 கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லப் போகிறேன்.