முப்பத்தொன்பது: ஒரு புதையல் வேட்டையும் கொஞ்சம் கோபமும்

ரொம்ப நாளா கடைப்பக்கம் வரல. வேலை, சோம்பேறித்தனம், பொண்ணோட பரீட்சைன்னு ஆயிரம் சாக்கு இருக்கு. இன்னைக்கு வந்ததுக்கு ஒரே காரணம்தான், கோபம். மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கோங்க, அது அடுத்த பதிவுல.

நம்ம ஜியோகேச்சிங் பைத்தியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்காக சுருக்கமா: ஒருத்தர் எங்கயாவது ஒரு டப்பாவை ஒளிச்சு வச்சுட்டு, அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்துல போடுவார். நாம ஜிபிஎஸ்ஸைப் பிடிச்சுக்கிட்டுப் போய்த் தேடி எடுத்து, உள்ளே இருக்கற தாள்ல பேர் எழுதிட்டு, இருந்த இடத்துலயே வச்சுட்டு வரணும். 2000 மே 2 அன்னைக்கு அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கலந்து வச்சிருந்த பிழையை நிறுத்தினாங்க. மறுநாளே ஒரேகான் மாநிலத்துல டேவ் உல்மர்ங்கறவர் ஒரு வாளியை ஒளிச்சு வச்சு இந்த விளையாட்டைத் தொடங்கிட்டார். வாளிக்குள்ள ஒரு பீன்ஸ் டப்பாகூட இருந்துச்சு. எவ்வளவு வெள்ளந்தியான ஆரம்பம் பாருங்க!

இதுல புதிர் வகைன்னு ஒண்ணு இருக்கு. இடத்தை நேரா சொல்ல மாட்டாங்க. எண்களுக்குப் பதிலா ஏ, பி, சின்னு எழுத்து இருக்கும். கேள்விகளுக்கு விடை கண்டுபிடிச்சு, அந்த எண்களைப் போட்டாத்தான் டப்பா எங்கேன்னு தெரியும்.

சரி, மேட்டருக்கு வர்றேன். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, நானும் என் 11 வயசுப் பொண்ணும் ஈஸ்ட்ஹாம்ல டிஸ்ட்ரிக்ட் லைனைப் பிடிச்சு வொயிட்சாப்பல் போனோம். 'ஜாக் த ரிப்பர்' புதையல் வேட்டை. 1888ல லண்டனை நடுங்க வச்சு, கடைசி வரைக்கும் பிடிபடாத கொலைகாரன். கொலை நடந்த தெருக்கள் வழியா நடந்து, புதிர் அவிழ்த்து, டப்பாவைக் கண்டுபிடிக்கணும். தேர்ந்தெடுத்தது நான்தான், அதையும் ஒத்துக்கறேன். 'சரித்திரமும் ஆச்சு, நடையும் ஆச்சு'ன்னு வீட்டுல பெருமையா சொல்லிட்டு வேற கிளம்பினேன்.

முதல் இடம் கன்தார்ப் தெரு. அந்தக் காலத்துல அதுக்கு ஜார்ஜ் யார்டுன்னு பேரு. கேள்வி: "1888 ஆகஸ்ட் 7 அன்று இங்கே கொல்லப்பட்ட மார்த்தா டாப்ரம் உடலில் எத்தனை கத்திக்குத்து?"

பொண்ணு ஃபோன்ல தேடினா. பத்து செகண்ட்தான். "அப்பா, முப்பத்தொன்பது! ஏ மூணு, பி ஒன்பது!"ன்னு தெருவே கேக்கற மாதிரி கத்திக் குதிச்சா. எதிர்ல மாடியில துணி காயப்போட்டுக்கிட்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு.

அடுத்த கேள்வி இதுக்கு அண்ணன். "1888 அக்டோபர் 16 அன்று ஜார்ஜ் லஸ்க் என்பவருக்குத் தபாலில் வந்த உடலுறுப்பு எது? எழுத்துகளை எண்ணவும்." விடை கிட்னி, ஆங்கிலத்துல ஆறு எழுத்து. அந்தப் பாதிச் சிறுநீரகம் யாரோடதுன்னு இன்னைக்கு வரைக்கும் நிரூபணம் ஆகல. புதிர் போட்டவருக்கு அதைப் பத்திக் கவலையில்லை, அவருக்கு ஆறு வேணும், அவ்வளவுதான்.

நான் அங்கேயே நிறுத்திட்டேன். பொண்ணு முகம் சுருங்கிப்போச்சு. பேகல் வாங்கிக் கொடுத்து சமாதானப்படுத்தி ரயிலேத்தினேன்.

ராத்திரி தூக்கம் வரல. அந்த மார்த்தா டாப்ரம் யாருன்னு தேடிப் படிச்சேன். கணவரை விட்டுப் பிரிஞ்சவங்க, ரெண்டு மகன்கள், தெருவுல சில்லறைச் சாமான் வித்துப் பிழைச்சிருக்காங்க. இறக்கும்போது வயசு என்ன தெரியுமா?

முப்பத்தொன்பது.

இதைப் படிச்சதும்தான் கோபம் உச்சிக்கு ஏறுச்சு. "அவருக்கு வயசு என்ன?"ன்னு கேட்டிருந்தாலும் அதே ஏ மூணு, பி ஒன்பதுதான். டப்பா ஒரு இஞ்ச்கூட நகராது. வயசும் குத்தும் ஒரே எண். ரெண்டுல ஒண்ணை எடுக்கணும்னதும் குத்தைத்தான் எடுத்திருக்காங்க.

ரிப்பர் கொன்னதா பொதுவா ஐந்து பேரைச் சொல்வாங்க. மார்த்தாவைச் சிலர்தான் சேர்த்துக்குவாங்க. அந்த ஐந்து பேரையும் மனுஷியா பார்த்து எழுதின புத்தகம் ஹாலி ரூபன்ஹோல்டோட 'த ஃபைவ்', 2019ல வந்தது. கொலையைப் பத்தி அல்ல, வாழ்க்கையைப் பத்தி. அவங்க எல்லாருமே பாலியல் தொழிலாளிகள்னு நாம கேட்டு வளர்ந்த கதைக்கு, ஐந்துல மூணு பேர் விஷயத்துல ஆதாரமே இல்லைங்கறது அவர் வாதம்.

மேரி ஆன் நிக்கல்ஸ், 43 வயசு, ஐந்து பிள்ளை பெத்தவங்க. அன்னைக்கு ராத்திரி விடுதியில படுக்கைக்கு நாலு பென்ஸ் இல்லைன்னு வெளியே அனுப்பிட்டாங்க. ஆன்னி சாப்மன், கோச் வண்டி ஓட்டினவரோட மனைவி, அவங்களுக்கும் அன்னைக்குப் படுக்கைக் காசு இல்லை. எலிசபெத் ஸ்ட்ரைட் ஸ்வீடன்ல பொறந்து 1866ல லண்டன் வந்தவங்க, கணவரோட சேர்ந்து காபிக்கடை நடத்தியிருக்காங்க. பஞ்சம் பிழைக்க வந்து கடை வச்ச கதை நமக்குப் புதுசா என்ன? கேத்தரின் எடோஸ் கூட வாழ்ந்தவரோட பூட்ஸை அடகு வச்சு சாப்பிட்டவங்க. மேரி ஜேன் கெல்லிக்கு சுமார் 25 வயசு, 29 ஷில்லிங் வாடகை பாக்கி.

இப்ப நீங்க பின்னூட்டத்துல என்ன சொல்வீங்கன்னு தெரியும். நானே சொல்லிடறேன்.

"130 வருஷத்துக்கும் மேல ஆச்சுய்யா." ஆச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா கொலைகாரனுக்கு மட்டும் வயசே ஆகலையே? தொப்பியும் கோட்டுமா டீ சட்டையில நிக்கறான். அந்த 'ஜாக் த ரிப்பர்'ங்கற பேரே 1888 செப்டம்பர்ல ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்துல இருந்தது. பத்திரிகைக்காரர் எழுதின போலின்னு போலீஸ்லயே சிலர் நினைச்சாங்க. அன்னைக்கே ஆரம்பிச்ச வியாபாரம் இது. 2015ல கேபிள் தெருவுல பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம்னு சொல்லி அனுமதி வாங்கின இடம், திறக்கும்போது ரிப்பர் அருங்காட்சியகமா இருந்துச்சு. பெண்கள் திரண்டு போராட்டம் நடத்தினாங்க.

"நீ க்ரைம் நாவல் படிக்கறதில்லையா?" படிக்கறேன், விடிய விடிய. அதுல செத்தவங்க எழுத்தாளர் கற்பனை. இவங்க அப்படியில்லை, இவங்களுக்குக் கல்லறை இருக்கு.

"அப்ப குற்றத்தை வச்சு விளையாடவே கூடாதா?" தாராளமா விளையாடலாம். டி.பி. கூப்பரை எடுத்துக்கோங்க. 1971 நவம்பர் 24, போர்ட்லண்ட்லேருந்து சியாட்டில் போன விமானத்தைக் கடத்தி, 2 லட்சம் டாலர் வாங்கிக்கிட்டு பாராசூட்ல குதிச்சுக் காணாமப் போன ஆசாமி. பயணிகள் யார் உயிருக்கும் ஒண்ணும் ஆகல. 1980ல கொலம்பியா ஆத்தங்கரையில ஒரு எட்டு வயசுப் பையன் கையில அந்தப் பணத்துல 5,800 டாலர் கிடைச்சது. இது நிஜப் புதையல் கதை! அந்த ஊர்ப்பக்கமே பொறந்த விளையாட்டுக்குப் பொருத்தமாவும் இருக்கும். தொலைஞ்சது பணம், அதைத் தேடிப்போறோம். வொயிட்சாப்பல்ல தொலைஞ்சது என்ன, நாம தேடிப்போறது என்ன?

வெறுமனே திட்டிட்டுப் போறவன் இல்ல நான். மாத்துப் புதிரும் போட்டுட்டேன். மார்த்தாவுக்கு வயசு என்ன? முதல் ரெண்டு எண். மேரி ஆன் பெத்த பிள்ளைகள் எத்தனை? ஐந்து. படுக்கைக்கு எத்தனை பென்ஸ்? நாலு. எலிசபெத் எந்த வருஷம் லண்டன் வந்தாங்க? கடைசி எண் ஆறு. கிட்னி கொடுத்த அதே ஆறு! கணக்கு அழகா வருது. இதே தெரு, இதே நடை, இதே டப்பா. வீட்டுக்குத் திரும்பும்போது பிள்ளைங்க மனசுல நிக்கப்போறது மட்டும் வேற.

டப்பா வச்சவருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். "இது வெறும் விளையாட்டு, பிடிக்கலைன்னா போகாதீங்க"ன்னு ஒத்தை வரி பதில். நான் போகப்போறதில்லை. ஆனா ஏன் போகலைன்னு சொல்லாம இருக்கவும் முடியல.

என் பொண்ணுகிட்ட மாத்துப் புதிரைக் காட்டினேன். பொறுமையா போட்டுப் பார்த்தா. கடைசியில நிமிர்ந்து, "அப்பா, நாலு பென்ஸ் யாராவது கொடுத்திருந்தா அவங்க உள்ளேயே தூங்கியிருப்பாங்கல்ல?"ன்னு கேட்டா.

இந்தக் கேள்வியைக் கேக்க வைக்காத புதிர் என்ன புதிருங்க?

டிஸ்கி: இது எந்தப் பதிவருக்கும் உள்குத்து இல்லை. நேர்க்குத்துதான், அதுவும் எனக்கே. அந்த வேட்டையைத் தேர்ந்தெடுத்தது நான்தானே. கும்மறவங்க தாராளமா கும்மலாம் :-)