க்ரூஸ் கன்ட்ரோல் திடீர்னு நின்னுடுச்சா? பட்டனை விடுங்க, முதல்ல பிரேக் லைட்டைப் பாருங்க!

ஓசூரில் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை, வார இறுதியில் கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் சொந்த ஊர். இப்படி ஓடிக்கொண்டிருக்கும் குடும்பங்கள் எல்லைப் பகுதியில் ஏராளம். அத்திப்பள்ளி நெரிசலில் க்ரூஸ் கன்ட்ரோலுக்கு வேலையே இல்லை. ஓசூரைத் தாண்டி தேசிய நெடுஞ்சாலை 44-ல் இறங்கிய பிறகுதான் அந்தப் பட்டனைத் தேடுவார்கள். அழுத்தினால் விளக்கு எரியாது, அல்லது எரிந்து உடனே அணைந்துவிடும். "இது இல்லாட்டி வண்டி ஓடாதா என்ன" என்று விட்டுவிடுபவர்களே அதிகம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கார் ஏன் மறுக்கிறது?

க்ரூஸ் கன்ட்ரோல் என்பது ஆக்சிலரேட்டரைக் காரின் கம்ப்யூட்டர் கையில் கொடுப்பது. பிரேக்கில் கால் வைத்த நொடியில் அதை விட்டுவிட வேண்டும் என்பது அடிப்படை விதி. கால் வைத்ததைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது, பெடலுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன பிரேக் ஸ்விட்ச். பல கார்களில் இதிலிருந்து இரண்டு சிக்னல்கள் போகும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், "பிரேக்கை நம்ப முடியாது" என்று கம்ப்யூட்டர் க்ரூஸையே பூட்டிவிடும்.

பெரும்பாலான கார்களில் பின்னால் சிவப்பு விளக்கை எரிய வைப்பதும் இதே ஸ்விட்ச்தான். அதாவது க்ரூஸ் வேலை செய்யாத காரில் பிரேக் லைட்டும் எரியாமல் இருக்கலாம். டிரைவருக்கு அது தெரியாது. பின்னால் சரக்கு ஏற்றி வரும் லாரிக்காரருக்கும், இடிக்கும் தூரத்துக்கு வரும்வரை தெரியாது. மார்கழிப் பனியில், விடியற்காலையில், சூளகிரி பக்கம் இதை நினைத்துப் பாருங்க.

சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. இருட்டியதும் வண்டியைச் சுவர் பக்கம் ரிவர்ஸில் நிறுத்தி பிரேக்கை மிதியுங்க, சுவரில் சிவப்பு வெளிச்சம் விழணும். மிதிக்காதபோதும் எரிந்துகொண்டே இருந்தால், அதுவும் ஸ்விட்ச் கோளாறுதான். பல மாடல்களுக்கு இது சில நூறு ரூபாய் சாமான்.

வேறு எதனால் நிற்கும்?

ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்து எரிந்தால், சக்கரத்தின் வேக சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகப்படலாம். ஹாரனும் அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங். அது ஏர்பேக்கோடு இணைந்தது, வீட்டில் கழற்றக் கூடாது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்து வேகம் குறைக்கும் அடாப்டிவ் வகையில் ரேடார் மேல் சேறு படிந்தாலோ, முன்பக்கம் பம்பர் கார்டு மாட்டினாலோ வேலை நிற்கலாம். அந்த கார்டுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. இன்னும் மாட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கோளாறே இல்லாத ஒரு விஷயமும் உண்டு. ஓசூர் மேட்டுநிலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகப் போகச் சாலை சில நூறு மீட்டர் கீழே இறங்குகிறது. மேலுமலை சரிவில் 80-ல் வைத்த வண்டி 90-ஐத் தொட்டால் பயப்பட வேண்டாம். சாதாரண க்ரூஸ் கன்ட்ரோல் ஆக்சிலரேட்டரை விடும், பிரேக் போடாது. இறக்கத்தில் அதை அணைத்துவிட்டு கியரைக் குறைத்து இறங்குவதே சரி.

ஒயரை நேரடியாக இணைத்து, ஸ்விட்ச்சே இல்லாமல் க்ரூஸை ஓட வைக்கும் குறுக்கு வழி மட்டும் வேண்டவே வேண்டாம். பிரேக் மிதித்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாமல் போய்விடும்.

அணையவே இல்லை என்றால்?

அரிதுதான், ஆனால் நடக்கக்கூடியது. க்ரூஸ் அணையாமல் போகலாம் என்பதால் ஃபியட் க்ரைஸ்லர் நிறுவனம் 2018 மே மாதம் அமெரிக்காவில் சுமார் 48 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஃபோர்டு கதை இன்னும் விநோதம். க்ரூஸை அணைக்கும் ஸ்விட்ச்சில் பிரேக் ஆயில் கசிந்து, நிறுத்திய வண்டியே தீப்பிடித்தது. 2009 வரை பல கட்டங்களாக 1.4 கோடிக்கும் மேல் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

அப்படி மாட்டினால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்துங்க. கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஓரம் கட்டிய பிறகே இன்ஜினை அணைக்கணும். ஓடும்போது சாவியை உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

பெங்களூருவில் வாங்கிய கார், புகார் எங்கே?

எல்லைவாசிகளின் பெரிய குழப்பம் இதுதான். பழைய 1986 சட்டத்தில், எதிர்த்தரப்பின் அலுவலகம் உள்ள இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்கு போட முடியும். அதாவது பெரும்பாலும் பெங்களூருவுக்கே அலையணும். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. கர்நாடகப் பதிவெண் வண்டியாக இருந்தாலும், ஓசூர்க்காரர் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். காலக்கெடு 2 ஆண்டு. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

ஒரே மாடலில் பலருக்கும் இதே கோளாறு என்றால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, 2021 ஏப்ரல் 1 முதல் அரசே திரும்ப அழைக்க உத்தரவிடலாம். மீறினால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் இதற்குப் போதுமான எண்ணிக்கையில் உரிமையாளர்கள் மத்திய அரசின் வாகன் தளத்தில் புகார் பதிய வேண்டும். 7 ஆண்டுக்குள் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே இது.

இரண்டுக்குமே கையில் காகிதம் வேண்டும். சர்வீஸுக்கு விடும்போது "ஜெனரல் செக்கப்" என்று எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீங்க. "க்ரூஸ் இயங்கவில்லை, பிரேக் லைட் எரியவில்லை" என்று ஜாப் கார்டில் தேதியோடு எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்க.